பச்சையில் மண்ணின் பங்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். அரங்கில் திரையில் காட்டிய படங்களை இங்கே சொற்களால் விவரித்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்த சில செய்திகளை உரிய இடங்களில் சேர்த்திருக்கிறேன்.)



2019-இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2000 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, உலகின் இலைப்பரப்பு கூடியிருக்கிறது என்றும், அந்தக் கூடுதலில் சீனாவும் இந்தியாவும் முன்னே நிற்கின்றன என்றும் அது சொன்னது. சீனாவில் காடுகளுக்குப் பெரும் பங்கு. இந்தியாவில் கூடிய பசுமையில் 82 விழுக்காடு விளைநிலங்களில் கூடியது. பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு அதை வெளியிட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, அகமதாபாத்திலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நிலச்சீரழிவு பற்றிய வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 2003–05-இல் 9.45 கோடி எக்டேராக இருந்த சீரழிந்த நிலம் 2018–19-இல் 9.78 கோடி எக்டேர் ஆகிவிட்டது என்றது அது. நாட்டின் பரப்பில் இது 29.77 விழுக்காடு.

நாடு ஒன்று, காலமும் ஏறத்தாழ ஒன்று. ஒரு கணக்கு பசுமை கூடிவிட்டது என்கிறது. மற்றொன்று நிலம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்கிறது. இரண்டையும் செய்தவர்கள் தேர்ந்தவர்கள். இரண்டுமே சரி என்றுதான் நான் நினைக்கிறேன். எப்படி என்பதே இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வானத்திலிருந்து தெரியும் பச்சை என்பது மண், மழை, பாசனம், உரம், ரகம், உழைப்பு எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. மண் நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று அறிய வேண்டுமானால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். கழித்து மிஞ்சியதை, அதே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்த மண்ணோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். கழிப்பதற்கு வேண்டிய கருவிகளும் படங்களும் நம்மிடம் நிறையவே வந்துவிட்டன. சரிபார்ப்பதற்கு வேண்டிய மண்தான் நம்மிடம் இல்லை.

1. செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது

பயிரின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இலையின் உள்ளமைப்பு அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பசுமைக் குறியீடு. என்டிவிஐ என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. நம்முடைய ஐஆர்எஸ்-1ஏ 1988-இல் சென்றது. லேண்ட்சாட் படங்கள் அனைத்தும் 2008-இல் இலவசமாக்கப்பட்டபோதுதான் இந்தத் துறை உண்மையில் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு படத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால், ஒரே இடத்தை முப்பது ஆண்டுகள் தொடர்வது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே இயன்றது.

பிக்சலின் அளவை நம் கணக்கில் சொல்கிறேன். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சல் என்பது ஏறத்தாழ 22 செண்ட். சென்டினல்-2 தரும் 10 மீட்டர் பிக்சல் இரண்டரை செண்ட். உலக அளவிலான ஆய்வுகள் பெரிதும் நம்பியிருக்கும் மோடிஸ் படத்தின் 250 மீட்டர் பிக்சல் 15 ஏக்கருக்கு மேல். டெல்டாவில் 15 ஏக்கர் என்றால் பல பேருடைய வயல், வரப்பு, வாய்க்கால், நடுவே ஒரு தென்னந்தோப்பு எல்லாம் ஒரே எண்ணில் அடங்கிவிடும். நாடு தழுவிய சீரழிவு வரைபடத்தின் அளவை 5 லட்சத்துக்கு ஒன்று. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 5 கிலோமீட்டர். கொள்கை வகுக்க அது போதும். ஒரு விவசாயியிடம் கொண்டுபோய் ‘உங்கள் நிலம் இப்படி மாறியிருக்கிறது’ என்று சொல்லப் போதாது.

2. ஒரே பச்சை, இரண்டு மண்

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் பண்ணையில் பிராட்பால்க் என்று ஒரு வயல் இருக்கிறது. ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட் இருவரும் 1843-இல் அங்கே தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. எருவோ உரமோ போடாத பாத்தி ஒன்று உண்டு. எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமை கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் காட்ட விரும்புவது வேறு இரண்டு பாத்திகளை. ஒன்றில் ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம். மற்றொன்றில் தழை, மணி, சாம்பல் சத்துகள் உரமாக. நூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மகசூலைத் தந்தன. 19-ஆம் நூற்றாண்டில் செயற்கைக்கோள் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே பச்சையாகத்தான் காட்டியிருக்கும். ஆனால் தொழு உரப் பாத்தியின் மண்ணில் கரிமம் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்த வேறுபாட்டுக்கு மகசூலில் மதிப்பு உண்டு என்று தெரிந்தது 1960-களின் பிற்பகுதியில், கூடுதல் விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் வந்த பிறகு. தொழு உரத்தோடு கொஞ்சம் தழைச்சத்தும் சேர்த்த பாத்தி அப்போது முந்தியது. மண்ணில் சேர்ந்திருந்தது மகசூலில் தெரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் ஊரில் இதற்கு நேர் எதிரான கதை நடக்கிறது. திருச்சி மணிகண்டம் பகுதியில் களர் நிலங்கள் உண்டு. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, களியில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது களர். மழை பெய்தால் அந்த நிலத்தில் தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும். காய்ந்தால் பொறுக்குத் தட்டும். ஆனால் நெல்லுக்குத் தேங்கிய நீர் பகையல்ல. திருச்சி 1, கோ 43 போன்ற களர் தாங்கும் ரகத்தை நட்டு, துத்தநாக சல்பேட் இட்டு, கூடுதலாகத் தழைச்சத்து கொடுத்தால் வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். அந்த ரகங்களை உருவாக்கியவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பச்சையை வைத்து மண் தேறிவிட்டது என்று எழுதினால் அது தவறு. ரகம் தேறியிருக்கிறது, சோடியம் அங்கேயே இருக்கிறது.

3. கழித்தல்

முதலில் கழிக்க வேண்டியது மழை. இதற்கு எளிய வழி ஒன்றை ஜேசன் எவன்ஸும் ரோலண்ட் கீர்க்கனும் சிரியாவின் வறண்ட நிலங்களை வைத்து 2004-இல் காட்டினார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆண்டின் உச்சப் பசுமையை அந்த ஆண்டின் மழையோடு பொருத்திப் பாருங்கள். ‘இவ்வளவு மழைக்கு இவ்வளவு பச்சை’ என்ற கணக்கு கிடைக்கும். உண்மையான பச்சையிலிருந்து அந்தக் கணக்குப் பச்சையைக் கழியுங்கள். மிஞ்சியது ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போனால், மழை மீது பழி போட முடியாது. நிலத்துக்கு ஏதோ ஆகியிருக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு இந்த முறை ஓரளவு பொருந்தும். டெல்டாவுக்குப் பொருந்தாது. தஞ்சாவூர் வயலின் பச்சை தஞ்சாவூர் மழையை மட்டும் நம்பி வளர்வதில்லை. குடகில் பெய்ததும், மேட்டூரில் ஜூன் 12-இல் மதகு திறந்தார்களா என்பதும், பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்பதும் அதில் இருக்கின்றன. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில் 168 பெய்தது. அந்த ஆண்டின் படத்தில் பச்சையாக நின்ற வயல்களை எல்லாம் ‘நல்ல மண்’ என்று குறித்தால், நாம் குறித்தது கிணறு உள்ள வயல்களைத்தான்.

இன்னொன்று பெரும்பாலும் மறந்துபோவது. காற்றில் கரியமில வாயு கூடினாலே செடிகள் கொஞ்சம் கூடுதலாக இலை விடும். 2000-இல் பத்து லட்சத்துக்கு 370 பங்கு அளவில் இருந்தது 2017-க்குள் 400-ஐத் தாண்டிவிட்டது. நான் தொடக்கத்தில் சொன்ன உலகப் பசுமையில் அதற்கும் பங்கு உண்டு. நம் விளைநிலங்களில் கூடிய பச்சைக்குப் பெரும் காரணம் பாசனமும், உரமும், ஆண்டுக்கு ஒரு போகம் இரண்டு போகமானதும். ஒரு வயலில் ஆண்டுக்கு இருமுறை அறுத்தால் ஆண்டுப் பசுமை கூடும். மண்ணிலிருந்து வெளியே போகும் சத்தும் கூடும். ஆகவே இரண்டு கணக்குகளும் ஒருசேர உண்மையாக இருப்பதில் வியப்பில்லை.

4. எந்தப் பயிரைப் பார்ப்பது

இந்தப் பேச்சின் நடுநாயகமாக நான் வைக்கும் யோசனை இது. விவசாயிகள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

டெல்டாவின் மண்ணை மதிப்பிட எல்லாரும் சம்பாவைப் பார்க்கிறார்கள். என் மதிப்பில் அது தவறான பருவம். சம்பா வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும். ஒளியால் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும். ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். நெல் எங்கே நட்டிருக்கிறது, எப்போது நட்டார்கள் என்பதை அது நன்றாகவே சொல்கிறது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் அப்படி நெல் பரப்பைக் கணக்கெடுத்திருக்கிறது. மண்ணின் பங்கைப் பிரித்துச் சொல்ல ரேடாரால் ஆகாது. மேகம் இல்லாவிட்டாலும் நெல்லின் பச்சை அடர்ந்தபின் குறியீடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. சுமாரான வயலும் மிக நல்ல வயலும் ஒன்றுபோலத் தெரியும். போதாததற்கு நீரும் உரமும் வெளியிலிருந்து வருகின்றன.

சம்பாவுக்கோ தாளடிக்கோ பின் வரும் நெல் தரிசு உளுந்தைப் பாருங்கள். தை மாதத்தில், நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக, நிற்கும் பயிருக்குள்ளேயே மெழுகுப் பதத்தில் விதையைத் தெளிக்கிறோம். உழவு கிடையாது. அடியுரம் கிடையாது. பெரும்பாலான வயல்களில் ஒரு மடை தண்ணீரும் கிடையாது. பூக்கும் சமயத்தில் 2 விழுக்காடு டிஏபி கரைசல் தெளித்தால் அதுவே பெரிய கவனிப்பு. மண் பிடித்துவைத்திருக்கும் ஈரமும், நெல் மிச்சம் வைத்த சத்தும், இரவுப் பனியும்தான் அந்தச் செடியை வளர்க்கின்றன. மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் அளவில் படம் கிடைக்கும். நாம் கழிக்க நினைத்தவற்றில் பாதியை விவசாயியே கழித்துக் கொடுத்துவிடுகிறார்.

உளுந்து எத்தனை நாள் பச்சையாகத் தாங்குகிறது என்பதையும் பாருங்கள். கரிமம் உள்ள, கட்டமைப்புக் கெடாத மண்ணில் ஈரம் மெல்ல இறங்கும். செடி காய் முற்றும்வரை பச்சை பிடித்திருக்கும். களர் ஏறிய மண்ணில் மேலே பொறுக்குத் தட்டி, கீழே வேர் இறங்காமல், முன்கூட்டியே மஞ்சளிக்கும். சம்பாவில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு வயல்கள் பங்குனியில் வெவ்வேறாகத் தெரியும்.

இதிலும் பிழைக்கு இடம் உண்டு. செயின் வைத்த அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கினால், முளைத்த பயறு தடம் தடமாக நசுங்கும். 10 மீட்டர் படத்தில் அது மண் குறைபாடு போலவே தோன்றும். தை கடைசியில் ஒரு மழை பெய்து தண்ணீர் நின்றால் அந்த ஆண்டுக் கணக்கையே ஒதுக்க வேண்டும். மஞ்சள் தேமல் நோய் வந்தாலும் அப்படித்தான். விதைத்த தேதி பத்து நாள் தள்ளிப்போனால் கடைசியில் ஈரம் போதாது. ஆகவே ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. சென்டினல்-2 2015-இல் பறக்கத் தொடங்கியது. பத்துப் பருவங்கள் நம் கையில் இருக்கின்றன. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டுக்கு 22 செண்ட் பிக்சலோடு லேண்ட்சாட் இருக்கிறது. பத்தில் ஏழெட்டுப் பருவம் ஒரு வயல் பக்கத்து வயல்களைவிடச் சீக்கிரம் மஞ்சளித்தால், அந்த வயலில் இறங்கி மண்ணைத் தோண்டிப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

5. தாலுகா அலுவலகத்தில் இருக்கும் வரைபடம்

பயிர் எது, பாசனம் எது என்று தெரியாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அந்தத் தகவல் நம்மிடம் உண்டு. அடங்கலில் பசலி வாரியாக, ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர், எந்த நீர் ஆதாரம் என்று எழுதப்படுகிறது. ஒழுங்காக எழுதிய ஊரும் உண்டு, போன ஆண்டைப் பார்த்து எழுதிய ஊரும் உண்டு. ஆனால் அது வயல் அளவிலான பதிவு. எந்தச் செயற்கைக்கோளும் தராத விவரம்.

அதைவிடப் பழையது ‘அ’ பதிவேடு. அதில் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலமும், ‘மண் தரம்’ என்று ஒரு கலமும் இருக்கும். பட்டா வாங்குபவர்கள் பரப்பையும் தீர்வையையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, களியா மணலா என்று வகுத்து, விளைச்சலை மதிப்பிட்டு ஒவ்வொரு புல எண்ணுக்கும் போட்ட தரம் அது. வரி வசூலிக்கப் போட்டது என்பதால் அதை மண் ஆய்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது; நஞ்சைக்குத் தரம் போடும்போது நீர் வசதியும் கணக்கில் வந்தது. ஆனாலும் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, வயல் எல்லையோடு கூடிய மண் வரைபடம் வேறு எத்தனை ஊர்களுக்கு இருக்கிறது? இருகூர், பெரியநாயக்கன்பாளையம் என்று மண் வகைகளுக்குப் பெயர் சூட்டி மண் அளவைத் துறை பிற்காலத்தில் போட்ட வரைபடங்களை இதன் மேல் வைத்துப் பார்க்கலாம். மூன்றாவது அடுக்காக உளுந்துப் பருவத்துப் பசுமை.

மூன்றும் ஒத்துப்போகும் இடங்களில் நமக்கு வேலை இல்லை. உயர்ந்த தரம் போட்ட புல எண் இன்று ஆண்டுதோறும் சீக்கிரம் வாடுகிறது என்றால் அங்கே போய்க் கேட்க வேண்டும். செங்கல் சூளைக்கு மேல்மண் ஓர் அடி போயிருக்கலாம். கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கலாம். அந்த ஊர்ப் பெரியவரிடம் கேட்டால் எந்த ஆண்டு என்றே சொல்வார். தாழ்ந்த தரம் போட்ட புஞ்சை இன்று நன்றாகத் தாங்குகிறது என்றால், ஏரி வண்டலை அடித்த தலைமுறை ஒன்று அங்கே இருந்திருக்கும்.

6. மண்ணைக் கையில் எடுத்தல்

இதுவரை சொன்னது எல்லாம் ஊகத்தை நெருக்கும் வழிகள். உறுதி செய்வது மண்தான்.

மாணவர்களுக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். மேலே கிடக்கும் சருகையும் தாளையும் விலக்குங்கள், மேல்மண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். ‘வி’ வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். எருக்குவித்த இடம், வரப்போரம், மர நிழல், வாய்க்கால் ஓரம் வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை நீக்கி, மிஞ்சியதை மறுபடி பிரித்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்துங்கள். மரக்கட்டையால் தட்டி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? கரிமம் 0.50 விழுக்காடு உள்ள வயலை எடுத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓர் எக்டேரில் சுமார் 2,100 டன் மண் இருக்கும். கரிமம் பத்தரை டன். ஆண்டாண்டாகத் தொழு உரமும் பசுந்தாளும் போட்டு அது 0.55-க்கு ஏறினால் கூடியது ஒரு டன். அந்த 0.05-ஐ, வயலின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இடையிலான வேறுபாடே விழுங்கிவிடும். நாம் வழக்கமாகச் செய்யும் வாக்லி–பிளாக் முறை கரிமத்தை முழுமையாக ஆக்சிகரணம் செய்வதில்லை. சுமார் 77 விழுக்காடுதான் அகப்படும், மிச்சத்தைப் பெருக்கிச் சரிசெய்கிறோம். ஒரு சுற்றை இந்த முறையிலும், அடுத்த சுற்றை எரித்து அளக்கும் கருவியிலும் செய்தால், முறை மாறியதால் வந்த வேறுபாடு பத்தாண்டு மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் கரிமம் குறைந்ததாகக் காட்டும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கும் மானாவாரியில் பத்து எக்டேருக்கும் ஒரு கட்டம் போட்டு, 12 பண்புகளை ஜிபிஎஸ் புள்ளியோடு பதிந்தது. இவ்வளவு பெரிய மண் கணக்கெடுப்பு உலகில் அரிது. அதை நான் மதிக்கிறேன். அது உரப் பரிந்துரைக்காக வந்த திட்டம். கட்டத்துக்குள் எந்த வயலில் எடுத்தாலும் பரிந்துரை எழுதலாம். மாற்றத்தைத் தொடர அதே வயல், அதே ஆழம், அதே பருவம், அதே முறை வேண்டும். அது வேறு வேலை.

அந்த வேலைக்கு நம் நாட்டில் மரபு இல்லாமலில்லை. கான்பூரில் 1885-லும் கோயம்புத்தூரில் 1909-லும் நிரந்தர உரப் பரிசோதனை வயல்கள் தொடங்கப்பட்டன. 1970-இல் நாடு தழுவிய நீண்டகால உரப் பரிசோதனைத் திட்டம் வந்தது. தழைச்சத்து மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்த பாத்திகள் பாலம்பூரின் அமில மண்ணில் அடியோடு படுத்துவிட்டதை நமக்குச் சொன்னவை அந்த வயல்கள். முதல் சில ஆண்டுகளில் அந்தப் பாத்தியும் நன்றாகவே விளைந்தது.

7. செய்ய வேண்டியது

ரோதம்ஸ்டட்டில் 1843 முதல் எடுத்த மண்ணையும் வைக்கோலையும் தானியத்தையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3 லட்சம் மாதிரிகள். 19-ஆம் நூற்றாண்டில் பெயரே இல்லாத அளவீடுகளை அந்த மண்ணில் இன்று செய்கிறார்கள். நம் ஆய்வகங்களில் அறிக்கை வந்ததும் மண்ணைக் கொட்டிவிடுகிறோம். எண் மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சரிபார்க்க வழி இல்லாமல் போகிறது. நிலச்சீரழிவை அளக்க ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 15.3.1 குறியீடு நிலப்போர்வை, உற்பத்தித்திறன், மண் கரிமம் என்ற மூன்றையும் கேட்கிறது. முதல் இரண்டை வானத்திலிருந்து நிரப்பிவிடலாம். மூன்றாவது கலத்தை மாதிரிக் கணக்குகளால் நிரப்புகிறோம்.

இந்த அறக்கட்டளையாரிடமும் பல்கலைக்கழகத்தாரிடமும் என் வேண்டுகோள் இதுதான். டெல்டாவில் தலைமடை, இடைமடை, கடைமடை மூன்றிலுமாக வயல்களைத் தேர்ந்தெடுப்போம். உளுந்துப் பருவப் படத்தில் நன்றாகத் தாங்குபவை, சீக்கிரம் வாடுபவை இரண்டும் இருக்கட்டும். புல எண், உட்பிரிவு, ஜிபிஎஸ் புள்ளி மூன்றையும் பதிவோம். மண்ணில் ஓர் அடையாளக் கல்லும் நடுவோம். உரிமையாளர் மாறினாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே மண் எடுக்க அனுமதி தரும் ஒப்பந்தம் வேண்டும். அதற்காக அவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும், அவருடைய வயலின் முழு வரலாறும் தரப்பட வேண்டும். எடுத்த மண்ணில் பாதியை ஆய்வுக்கு அனுப்பி, பாதியை மூடிய புட்டியில் இங்கேயே வைப்போம். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு போதாது, கரையான் அரிக்கும். உள்ளேயும் ஒன்று பென்சிலால் எழுதிப் போட வேண்டும்.

செலவில் பெரும் பங்கு அலமாரிக்கும் ஆட்களுக்கும்தான். செயற்கைக்கோள் படம் இலவசம். முதல் சுற்றை இந்த ஆண்டு உளுந்து பறித்து முடிந்ததும், கோடை உழவுக்கு முன்னால் எடுத்துவிடலாம். டெல்டா ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள் தங்கள் வீட்டு வயலின் ‘அ’ பதிவேட்டு நகலோடு துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வயல் தர முன்வரும் விவசாயிகள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். விதைத்த தேதியும், பாசன ஆதாரமும், கடைசியாக வண்டல் அடித்த ஆண்டும் நினைவிருந்தால் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறோம்.